பச்சைக் குடம் நின்ற இடம்

முதலில் சத்தம்தான் கேட்டது. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் இருமும், தொண்டையில் கட்டிய சளியைக் காறுவதுபோல இரண்டு தடவை காற்றைத் துப்பும், பிறகு துருநிறத்தில் ஒரு கை தண்ணீர், அதற்குப் பிறகுதான் நல்ல தண்ணீர். நாவலேரிக் குடியிருப்பில் நாங்கள் வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அன்றைக்கு இருமல் இல்லை. ம்ம்ம் என்று ஒரு முனகல், மூடிய பித்தளை அண்டாவுக்குள் வண்டு சிக்கிக்கொண்டதுபோல, மண்ணுக்கு அடியில் எங்கிருந்தோ கிளம்பி, கட்டிய நாளிலிருந்து சொட்டுத் தண்ணீர் பார்க்காத எட்டு மாடிக் குழாய்களில் ஏறி, குளியலறைகளில் காலி வாளிகளை அதிரவைத்து, மொட்டைமாடிவரை போய்த் திரும்பிக் கீழே தெருக்குழாய்க்கு வந்தது. அந்த முனகலைக் கேட்டதும், டார்ச் அடிக்கவும் பழைய பாட்டுக் கேட்கவும் மட்டுமே பயன்பட்டுவந்த கைபேசிகளெல்லாம் தலையணைக்கு அடியிலும் அரிசி டப்பா மேலும் லுங்கி மடிப்பிலும் ஒரே நேரத்தில் மணியடித்தன. அதற்கப்புறம்தான் தண்ணீர் வந்தது. வரிசையின் முதல் குடம் நிரம்பியபோது, அதன் வாயருகே குனிந்திருந்த ஷகிலா பானுவின் கைபேசியில் டவர் கோடுகள் முழுசாக ஏறி நின்றன.

இணையம் தண்ணீரோடு வந்திருக்கிறது என்று யாரும் தண்டோரா போடவில்லை. குடம் இருக்கும் அறையில் டவர் இருக்கிறது, குடத்தை நகர்த்தினால் அதுவும் நகர்கிறது, மூடியைத் திறந்தால் கூடுகிறது, தட்டுப் போட்டு மூடினால் அடங்குகிறது என்று மதியத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது; சாயங்காலத்துக்குள் அதைப் பற்றி ஆச்சரியப்படுவதையும் நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் அடுத்த தண்ணீருக்கு மூன்று நாள் இருக்கிறது, இருப்பதை எப்படிக் காப்பது என்கிற கவலை வந்துவிட்டது. வெயிலில் வைத்தால் ஆவியாகிப் போகிறது, ஆகவே கட்டிலுக்கு அடியில் வை. கொதிக்கவைத்தால் செய்தி தாமதமாக வருகிறது, ஆகவே சோற்றுக்கு எடுத்துவிட்டு மிச்சத்தைத் தனியாக வை. நீலக் குடத்தில் குரல் தெளிவு, ரோஸ் குடத்தில் படம் தெளிவு என்று ஒரு கட்சி. அதெல்லாம் சும்மா, குடம் கழுவியிருந்தால் போதும் என்று ஒரு கட்சி. குடித்தால் வயிற்றுக்கு ஒன்றும் செய்வதில்லை, கனவில் மட்டும் தெரியாத பாஷையில் யாராவது விலாசம் கேட்பார்கள். டவர் தீர்ந்துபோன தண்ணீர் சப்பென்றிருக்கும். அதைத் துணி துவைக்க வைத்துக்கொண்டோம்.

எங்களுக்கு இது ஏன் இவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்ல வேண்டும். பட்டணத்துக்குள் ஆற்றோரம் இருந்தவர்களை லாரியில் ஏற்றி, பட்டணம் முடிந்து வெகுதூரம் தாண்டி, தூர்ந்துபோன ஓர் ஏரிக்குள் கட்டிய இந்த எட்டு மாடிக் கட்டடங்களில் இறக்கிவிட்டார்கள். லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. கதவு இருந்தது, எண் இருந்தது, ஆனால் கைபேசி வரைபடத்தில் நாங்கள் இருந்த இடம் நீலமாக, ஏரியாகவே இருந்தது. சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள் மெயின் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு, "அண்ணே, ஏரிக்குள்ளயா கீறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிக்னல் வேண்டுமென்றால் மேம்பாலத்துக்குப் போக வேண்டும். பரீட்சை முடிவு பார்க்கும் பெண்களும், கேஸ் சிலிண்டருக்குப் பதிகிறவர்களும், மஸ்கட்டில் இருக்கும் புருஷன்மாரோடு பேசுகிறவர்களும், இரவெல்லாம் யாருடைய கட்டடத்தையோ காவல் காத்துவிட்டு விடியலில் திரும்புகிற என்னைப் போன்றவர்களும், லாரிகள் அலறும் அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் கைபேசியை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரம் கேட்பவர்களைப்போல நிற்போம். பாலத்தில் போகிற கார்களிலிருந்து எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். உலகம் அவர்கள் சட்டைப் பைக்குள் இருந்தது. நாங்கள் அதற்கு எட்டிக் குதித்துக்கொண்டிருந்தோம்.

அது குடத்தில் வந்தபோது, குடத்துக்கு ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. சட்டத்துக்குப் பெயர் தேசம்மா.

தேசம்மா நகராட்சியில் துப்புரவு வேலை பார்ப்பவள், ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லை, எபினேசர் என்று ஒரே மகன், எபி என்றால் எல்லோருக்கும் தெரியும். குழாயடிச் சண்டையில் ஒரு பெண்ணின் மண்டை உடைந்த வருஷத்தில் எல்லோரும் சேர்ந்து அவளை வரிசைக்குப் பொறுப்பாக வைத்தோம், அதற்குப் பிறகு மண்டை உடையவில்லை. அவள் வைத்த முறை எளிது. செங்கல் வைத்து இடம் பிடித்தால் செல்லாது, செருப்பு வைத்தால் செல்லாது, குடம் வைக்க வேண்டும். குடம் நின்றால் ஆள் நின்றதாகக் கணக்கு. ஆள் டீ குடிக்கப் போகலாம், பிள்ளைக்குத் தலை சீவப் போகலாம்; குடத்தின் முறை வரும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவர் நிரப்பி வைக்க வேண்டும். குடத்தைத் தொட்டு நகர்த்த தேசம்மாவைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை. தண்ணீர் வருகிற நேரம் முழுக்க அவள் தலையை நிமிர்த்துவதே இல்லை. குடங்களை மட்டும் பார்ப்பாள், மூஞ்சிகளைப் பார்க்க மாட்டாள். "மூஞ்சியப் பாத்தா பாவம் வரும், பாவம் வந்தா பங்கு மாறும்" என்பாள். அவளுடைய சொந்த மகனே அவளுக்கு அந்த நேரத்தில், விளிம்பில் சூடு வைத்து ஒட்டிய தழும்புள்ள ஒரு பச்சைக் குடம்தான்.

தண்ணீர் லாரி வைத்திருக்கும் தனசேகரன்தான் முதலில் கணக்குப் போட்டான். வெயிலில் பளபளக்கும் டேங்கர் ஒன்றைக் கொண்டுவந்து, வால்வு திறப்பவனைக் கையில் போட்டுக்கொண்டு, வரிசைக்கு முன்னாலேயே குழாயில் ஓஸைச் செருகி நிரப்பிக்கொண்டு பட்டணத்துக்குப் போனான். பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் காத்திருந்தார்கள் என்று கேள்வி. மூடியைத் திறந்தால் வெறும் தண்ணீர். மறுமுறை ராத்திரியோடு பிடித்தான், அதற்கு மறுமுறை ஐஸ் போட்டுக் கொண்டுபோனான், வெறும் தண்ணீர்தான். வெள்ளைச் சட்டைப் பொறியாளர்கள் வந்து பாட்டிலில் பிடித்து, சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, எங்கள் டீக்கடையில் டீ குடித்துவிட்டுப் போனார்கள். வரிசையில் நிற்காத பாத்திரத்தில் அது தங்கவில்லை. டேங்கரில் தங்கவில்லை, பாட்டிலில் தங்கவில்லை, கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் வைத்த குடத்திலும் தங்கவில்லை. இதைப் பார்த்தபிறகு தனசேகரனின் பெண்சாதியே ஒரு நாள் விடியலில் கையில் சிவப்புக் குடத்தோடு வந்து கடைசியில் நின்றாள். தேசம்மா குடத்தைப் பார்த்தாள், வரிசையை நேராக்கினாள்.

அப்புறம் வந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு விரிகிறது. கஜலட்சுமியின் விதவை உதவித்தொகை எந்த மேசையில் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று அவள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். மறுநாள் ஆபீசுக்குப் போய் அந்த மேசையின் பெயரைச் சொல்லிக் கேட்டாள், மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து நின்றார். ரேஷன் கடைக்காரர் பருப்பு வரவில்லை என்று சொல்வதை விட்டுவிட்டார், வந்த மூட்டை அவருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எங்கள் குடங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு ரோஸ் குடத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்பிள்ளைகள் நர்ஸ் படிப்புக்குப் படித்தார்கள், அதன் மூடியைத் திறந்து மூடுவதற்கு ஒருத்தியை முறை வைத்துக்கொண்டு. சுமை தூக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஆற்றோரத்திலிருந்து வேறு லாரியில் ஏற்றப்பட்ட தம்பியைக் கண்டுபிடித்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரு குடம் தீரும்வரை பேசாமலே இருந்தார்கள். வரைபடத்தில் நீலம் ஒரு மூலையிலிருந்து வற்றத் தொடங்கி, கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டி, மாதா கோயில் வந்தது, பள்ளிவாசல் வந்தது, மாரி டீ ஸ்டால் வந்தது, கடைசியில் தெருக்குழாயும் ஒரு புள்ளியாக வந்தது. 'ஏய்' என்று கூப்பிட்டவர்கள் 'சொல்லுங்கம்மா' என்றார்கள். அதிகாரம் என்றால் நாற்காலி, ஜீப், பச்சை மை என்று நினைத்துக்கொண்டிருந்த நாங்கள், அது இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறக் கூடியது, தளும்பக் கூடியது, அண்டை வீட்டுக்கு ஒரு சொம்பு கடன் கொடுக்கக் கூடியது என்று தெரிந்துகொண்டோம்.

ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. பட்டணத்தில் எங்கே எது களவு போனாலும் போலீஸ் வண்டி முதலில் இங்கேதான் வரும்.

அன்றைக்கும் தண்ணீர் நாள். விடியலிலிருந்து வரிசை நின்றது, கட்டடத்தைச் சுற்றி வளைந்து போயிற்று. காலை ஏழு மணி சுமாருக்கு வண்டி வந்து, மாரி கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த எபியை, கையில் இருந்த கிளாஸோடு ஏற்றிக்கொண்டு போனது. ஆறு மணிக்குப் பங்களாத் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்களாம். அவன் குடம் வரிசையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அதன் முறை வந்தபோது பின்னால் நின்றவள் வழக்கப்படி நிரப்பக் குனிந்தாள். தேசம்மா அதன்மேல் கை வைத்து, "அது நிக்கட்டும். அவனே வந்து புடிப்பான்" என்று சொல்லிவிட்டு, மற்றக் குடங்களை அதைச் சுற்றிப் போகவிட்டாள். தண்ணீர் நின்றபிறகுதான் புடவையை உதறிச் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். நானும் இன்னும் சிலரும் கூடப் போனோம்.

இன்ஸ்பெக்டர் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. உட்காரக்கூடச் சொன்னார். காலையில் ஆறு மணிக்கு உன் பையன் எங்கே இருந்தான் என்று கேட்டார்.

"லைன்ல இருந்தான் சார்."

"நீ பாத்தியா?"

"கொடம் இருந்துச்சு சார். பச்சைக் கொடம். நான் ரெண்டு தபா அத்த நேராக்குனேன்."

"கொடத்தக் கேக்கலம்மா. அவனப் பாத்தியா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். நாங்கள் பின்னால் நின்று அந்தச் சொல்லை அவள் வாய்க்குள் தள்ளுவதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். தேசம்மா கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.

"தண்ணி வர்றப்போ நான் மூஞ்சியப் பாக்க மாட்டேன் சார். கொடம் நின்னா ஆள் நின்ன மாதிரிதான்."

எழுத்தர் சிரித்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். மகனைத் தான் பார்க்கவில்லை என்று தாயே சொன்னதாக எழுதிக்கொண்டார்கள். குடம் நின்றது என்பது எங்கள் குடியிருப்பில் எந்தக் குழந்தையும் சந்தேகப்படாத சாட்சி. அந்த அறைக்குள் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. மறுநாள் போனபோது, அப்படி யாரும் இங்கே இல்லை, விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அனுப்பியவன் வீட்டுக்கு வரவில்லை. 'அனுப்பிவிட்டோம்' என்று சொல்லப்பட்டவர்கள் சில நாள் கழித்து எப்படி வருவார்கள், வராமல் போனால் என்ன சொல்லுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் தேசம்மா ஒரு தடவைதான் பேசினாள். "தலைய நிமுத்தி ஒரு தபா பாத்திருக்கலாம்" என்றாள்.

ஷகிலா பானு தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்தது அன்று மத்தியானம். தண்ணீர் நாளில் வரிசைக்கு முன்னால் நின்று, துப்பட்டாவைச் சுழற்றி, பாட்டுக்கு வாயசைத்துத் தன்னைத் தானே படம் பிடிப்பது அவள் பழக்கம். மாமியார் வைவாள், பள்ளிவாசல்காரர்கள் வைவார்கள், வரிசையில் நிற்கிற கிழவிகள் 'சினிமாக்காரி வந்துட்டா' என்பார்கள். எபியைக் கொண்டுபோன காலையில் அவள் பிடித்த படத்தை எல்லோரும் தலையோடு தலை முட்டிப் பார்த்தோம். அவள் ஆடுகிறாள். அவளுக்குப் பின்னால், பச்சைக் குடத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எபி பல் துலக்குகிறான். வாய் நிறைய நுரை. அவள் ஆட்டத்தைப் பார்த்து நுரையோடு பழிப்புக் காட்டுகிறான், நுரை மோவாயில் வழிகிறது, சட்டையில் துடைத்துக்கொள்கிறான். அவனுக்குப் பின்னால் முதல் பஸ் திரும்புகிறது. நேரம் படத்துக்குள்ளேயே இருந்தது: ஆறு அடிக்கச் சில நிமிஷம். ஒரு ஓரத்தில் தேசம்மாவும் இருந்தாள், மகனுக்கு எட்டுகிற தூரத்தில், தலையைக் குனிந்துகொண்டு.

இந்தப் படத்தை ஒரு வக்கீலுக்கு அனுப்பினோம், ஸ்டேஷனுக்கு அனுப்பினோம். போன வாரத்துப் படமாக இருக்கும் என்று ஸ்டேஷனிலிருந்து பதில் வந்தது. ஒரு குடத்துத் தண்ணீரில் அனுப்புகிற படம் ஓர் ஆளுக்குப் போய்ச்சேரும், மிஞ்சினால் இரண்டு ஆளுக்கு. அந்த ஓர் ஆள் கண்ணை மூடிக்கொண்டால் அதோடு சரி. யாரும் கண்ணை மூட முடியாதபடி எல்லோரும் பார்க்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று ஷகிலாதான் சொன்னாள், கைபேசியைப் பார்த்தபடி, தயங்கித் தயங்கி. எல்லாக் குடத்தையும் மொட்டைமாடியில் ஒன்றாக ஊற்ற வேண்டும்.

அடுத்த தண்ணீருக்கு இரண்டு நாள் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்தியிருக்கிற அதுதான் குடிக்கிற தண்ணீரும். ஒரு வீட்டில் மறுநாள் பெண்ணுக்கு வேலைக்கான நேர்காணல். ஒரு வீட்டில் மஸ்கட்டிலிருந்து புருஷன் பேசுகிற நாள். வெட்டவெளியில் கொட்டினால் வெயில் குடித்துவிடும், குடித்தபிறகு குழாயில் அது மறுபடியும் வருமோ வராதோ யாருக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் வந்ததிலிருந்துதான் எங்களுக்கு முதுகெலும்பு முளைத்திருந்தது. அதை ஓர் ஆளுக்காகக் கொட்டச் சொல்கிறாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒவ்வொருவராகக் கலைந்தோம். தேசம்மா யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூஞ்சியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் ஏறியவள் பவுனம்மா. தேசம்மாவோடு வருஷக்கணக்காகப் பேச்சு இல்லாதவள், தன் குடத்தை வேண்டுமென்றே பின்னால் தள்ளுகிறாள் என்று மாதா கோயில் வாசலில் வைத்தே சாபம் விட்டவள். மூட்டுவலிக்காரி, ஒவ்வொரு மாடிக்கும் நின்று, இடுப்பில் இருந்த குடத்தை மறு இடுப்புக்கு மாற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டாவது மாடியும் தாண்டி மேலே வந்தபோது, தேசம்மா அங்கே தன் வீட்டுக் குடத்தோடு தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கொடத்த நீ ஒருநாளும் முன்னாடி வெச்சதில்ல" என்றாள் பவுனம்மா, மூச்சு வாங்க. "பின்னாடியும் வெச்சதில்ல. எனக்குத் தெரியும். தள்ளு, ஊத்துறேன்."

ஊற்றினாள். அதற்குப் பிறகு படிக்கட்டு முழுக்கக் குடம்தான். நீலம், ரோஸ், மஞ்சள், தனசேகரன் பெண்சாதியின் சிவப்பு. பித்தளை, எவர்சில்வர், மூடி போட்ட பெயின்ட் டப்பா. நேர்காணல் பெண்ணே தன் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாய்மார்கள் குழந்தைகளுக்கென்று ஒரு சொம்பு மட்டும் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைக் கவிழ்த்தார்கள். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவருக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, வானம் அதில் விழுந்து கிடந்தது. ஷகிலா செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய், தொழுகைக்குப் போவதுபோல முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டு, கைபேசியைத் தண்ணீருக்குள் முக்கினாள்.

பங்குனி வெயில். தண்ணீர் முனகத் தொடங்கியது. முனகியபடியே புகைந்து, வெள்ளையாக எழுந்து, எங்கள் முழங்காலைத் தாண்டி, தலையைத் தாண்டி, கட்டடத்துக்கு மேலே ஒரு மேகமாகத் திரண்டது, அதற்குள்ளே அங்கங்கே மின்மினிபோல எபியின் பல் மினுக்கியது. தரை காய்ந்ததும் மேகம் அவிழ்த்துவிட்ட மாடுபோல நகர்ந்தது. மேம்பாலத்தைத் தாண்டியது. எங்களை ஏற்றிவந்த லாரிகள் எந்த ரோட்டில் வந்தனவோ அதே ரோட்டின் மேலாக, வந்த வழியை மறக்காமல், ஒவ்வொரு சிக்னலிலும் கொஞ்சம் நின்று, பட்டணத்துக்குள் போய், ஆற்றுக்கு மேலே, எங்கள் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது பூங்கா இருக்கிற இடத்துக்கு நேர் மேலே நின்றுகொண்டு, பெய்தது.

நனைந்த கைபேசியிலெல்லாம் எபி பல் துலக்கினான். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் கையில் துலக்கினான், கல்லூரிப் பெண்கள் கையில், பழ வண்டிக்காரர் கையில், மந்திரி வீட்டுத் தோட்டக்காரர் கையில் துலக்கினான். நனையாதவர்களுக்கு ஜன்னல் கண்ணாடியில் வழிகிற துளியில் தெரிந்தான். தொலைக்காட்சிக்காரர்களின் குடை மேல் நுரையோடு பழிப்புக் காட்டினான். நீதிபதி ஒருவர் வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது டபராவுக்குள் ஒரு சொட்டு விழுந்து, அதற்குள்ளும் அவன், அவனுக்குப் பின்னால் பஸ், நேரம், குனிந்த தலையோடு ஒரு தாய். இன்ஸ்பெக்டரின் ஜீப் கண்ணாடியில் எபி தெரிந்தான். வைப்பர் அவனை இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து துலக்கினான். ஸ்டேஷன் வாசலில் தேங்கிய குட்டைகளில் குட்டைக்கு ஒரு எபி. யார் இந்தப் பையன் என்று கேட்காத வாய் பட்டணத்தில் இல்லை. பங்களாத் தெரு அம்மா, கழுத்தில் அறுந்த காயத்துக்குப் பஞ்சு ஒட்டியபடி, காய்ந்துகொண்டிருந்த துணியை எடுக்க மாடிக்குப் போனவர், ஈரத் துணியில் அந்த முகத்தைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு, மகன் தடுத்தும் கேட்காமல், நேராக ஸ்டேஷனுக்குப் போய், "நான் பார்த்தவன் இவன் இல்லை" என்று எழுத்தர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். அவரை எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை, ஏனென்றால் வாசலில் ஊரே நனைந்துகொண்டு நின்றது.

யாரும் இல்லை என்று சொல்லப்பட்ட அறையிலிருந்து எபி சாயங்காலம் வெளியே வந்தான். இடது காலைத் தரையில் முழுசாக ஊன்ற முடியவில்லை. டீ கிளாஸ் இன்னும் கையில் இருந்தது, அதை ஏன் விடவில்லை என்று அவனுக்கே தெரியவில்லை. அவனை அடித்தவர்கள்மேல் விசாரணை வைத்தார்கள். அது என்ன ஆயிற்று என்று வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அந்த மேசையின் பெயரும் எங்களுக்குத் தெரியும்.

அந்த இரண்டு நாளும் பள்ளிவாசல் தொட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு சொம்பு குடித்துச் சமாளித்தோம். கைபேசிகள் மறுபடியும் டார்ச் ஆகிக் கிடந்தன. நேர்காணல் பெண் மேம்பாலத்துக்குப் போய் நின்று கைபேசியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். கொட்டியது தப்பு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொருவரும் காலிக் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் நாள் விடியலில் வரிசை முழுக்கக் குடங்கள் நின்றன, குடங்களுக்குப் பக்கத்திலேயே ஆட்களும் நின்றார்கள். டீ குடிக்க ஒருவரும் போகவில்லை. நடுவில் பச்சைக் குடம் அன்றைக்கு நின்ற இடத்திலேயே, உள்ளே கொஞ்சம் தூசியும் ஒரு வேப்பிலையுமாக நின்றது. குழாய் இருமியது. எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை இருமியது, துருத் தண்ணீரைத் துப்பியது, நின்றது. அப்புறம், மண்ணுக்கு அடியில் வெகுதூரத்தில், ஒரே ஒரு தேனீ அளவுக்கு, ம்ம்ம் என்றது.

பச்சைக் குடத்தின் முறை வந்தபோது எபி நொண்டியபடி வந்து, அதைக் கவிழ்த்துத் தூசியைத் தட்டி, குழாய்க்கு அடியில் வைத்தான். தேசம்மா தலையை நிமிர்த்தினாள். மோவாயில் தையல் போட்டிருந்த இடத்தை, வீங்கிய கண்ணிமையை, அவன் அப்பாவைப்போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் மூக்கை, குடம் நிரம்புகிற நேரம் முழுக்கப் பார்த்தாள். வரிசையில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. குடம் வழிந்து அவள் கால்களை நனைத்தது.

பிறகு குனிந்து, அவன் பக்கம் பார்க்காமல் பச்சைக் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த நீலக் குடத்தை இழுத்துக் குழாய்க்கு நேராக வைத்தாள்.